பிளாஸ்மா தெளிப்பில் படிக உருவற்ற உலோகப் பூச்சு: வேலூர் வட்டாரத்தில் முதன்முறை செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளின் தோல் கழிவுநீர் நிலையங்களில் பம்பின் தண்டும் அதன்மேல் மாட்டும் ஸ்லீவு என்ற உறைக்குழாயும் உப்பாலும் மண்ணாலும் சேர்ந்து தேய்ந்துபோவதைப் பார்த்து, இரும்பை அடிப்படையாகக் கொண்ட படிக உருவற்ற (அணுக்கள் படிகமாக அடுக்காமல் கண்ணாடிபோல் உறைந்த) உலோகப் பூச்சைப் பூசிப் பார்க்கலாம் என்று எண்ணும் பராமரிப்புப் பொறியாளர்களுக்கும், வேலூர்க் கல்லூரிகளில் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்ட மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் முடிவுகள் இருக்கின்றன. தூள் எவ்வளவு வாங்குவது, எந்தத் தகட்டை எப்போது வெட்டுவது, எந்தச் சோதனையை எதற்கு முன்னால் செய்வது என்பதெல்லாம் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. நான் அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

ஒரே தூளை இரண்டு பட்டறைகளில் தெளித்தால் இரண்டு வெவ்வேறு பூச்சுகள் கிடைக்கும். பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுத் தாரையில் தூள் உருகி, அந்தத் துளிகள் தகட்டில் மோதித் தட்டையாகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால்தான் பூச்சு உருவாகிறது. அந்த அடுக்குகளுக்கிடையே எவ்வளவு நுண்துளை, எவ்வளவு ஆக்சைடு, எவ்வளவு படிகம் சிக்கியிருக்கிறது என்பதே அது உப்புநீரில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே நுண்கட்டமைப்பை முதலில் பாருங்கள், அரிப்புச் சோதனைக்கு அதன் பிறகு பணம் செலவிடுங்கள். வரிசை மாறினால் கையில் எண்கள் இருக்கும். அவை ஏன் அப்படி வந்தன என்று சொல்ல வழி இருக்காது.

1. நீரின் அறிக்கையை முதலில் வாங்குங்கள்

பூச்சு எந்தத் திரவத்தில் நிற்கப்போகிறது என்பதற்கான ஆய்வறிக்கை வேண்டும்: குளோரைடு, கார அமிலத்தன்மை, சல்பைடு, வெப்பநிலை, மிதக்கும் திண்மங்கள். உப்பிட்ட தோலை ஊறவைத்த நீரும், சுண்ணாம்புத் தொட்டி நீரும், ஆவியாக்கிக்குப் போகும் செறிவு நீரும் ஒன்றல்ல. முதலாவதில் குளோரைடு அதிகம், இரண்டாவதில் காரமும் சல்பைடும் அதிகம், மூன்றாவதில் உப்போடு சூடும் சேர்கிறது. எல்லாரும் செய்வதுபோல் 3.5 சதவீத உப்புக் கரைசலில் மட்டும் சோதித்துவிட்டு, முடிவைச் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பொருத்தக் கூடாது.

அறிக்கையைப் பார்த்த பின் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணும் மயிரும் இல்லாத தெளிந்த உப்புநீர் என்றால், தரமான துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவோ ரப்பர் உறையோ மலிவாகவே காரியத்தை முடித்துவிடும். தேய்மானமும் குளோரைடும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் இந்தப் பூச்சுக்குச் செலவிடுவது நியாயம் என்பது என் கருத்து.

2. தூள்: சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள்

இவ்வகைத் தூள்களில் இரும்போடு குரோமியம், மாலிப்டினம் ஆகியவை அரிப்பைத் தாங்குவதற்காகவும், போரான், கார்பன், சிலிக்கான் போன்றவை உருகிய உலோகம் படிகமாகாமல் உறைவதற்காகவும் சேர்க்கப்படுகின்றன. பெயர்பெற்ற கலவைகளில் ஒன்றான எஸ்.ஏ.எம்.2எக்ஸ்5-இல் குரோமியம் ஏறத்தாழ 18 அணு சதவீதமும் மாலிப்டினம் 7 அணு சதவீதத்தை ஒட்டியும் இருக்கும், எஸ்.ஏ.எம்.1651-இல் மாலிப்டினம் 14 அணு சதவீதம், கூடவே சிறிதளவு இட்ரியம். விற்பவரிடம் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: வேதிக் கலவைச் சான்று, துகள் அளவுப் பரவல், ஆக்சிஜன் அளவு, பொருள் பாதுகாப்புத் தரவுத் தாள். கடைசித் தாள் இல்லையென்றால் கூரியர் நிறுவனங்கள் உலோகத் தூளை ஏற்கத் தயங்கும்.

வாயுவால் சிதறடித்துச் செய்த தூளில் சிறு துகள்கள் விரைவாகக் குளிர்வதால் படிக உருவற்றும், பெருந்துகள்கள் மெதுவாகக் குளிர்வதால் ஓரளவு படிகமாகவும் இருக்கும். எனவே தூள் வந்ததும் ஒரு சிட்டிகையை, படிகம் இருந்தால் வரைபடத்தில் கூர்முகடு காட்டும் எக்ஸ்.ஆர்.டி. என்ற ஊடுகதிர்ச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் பூச்சில் படிக முகடு தெரிந்தால், அது தூளிலிருந்தே வந்ததா தெளிப்பில் உருவானதா என்று பிரித்தறிய இந்த ஒரு வரைபடம் போதும்; தூள் தீர்ந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

அளவுக்கு வருவோம். 100 சதுர செ.மீ. பரப்பில் 300 மைக்ரான் கனத்துக்குப் பூச 3 கன செ.மீ. உலோகம் வேண்டும். கன செ.மீ.க்கு ஏறத்தாழ 7.5 கிராம் என்று கொண்டால் அது 22 அல்லது 23 கிராம். தெளித்ததில் பாதிதான் ஒட்டும் என்று வைத்துக்கொண்டால் 45 கிராம். தெளிப்புத் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் தகட்டின் விளிம்பைத் தாண்டிப் போய்த் திரும்புவதால் வீணாவதையும் சேர்த்தால் இதுவும் இரட்டிப்பாகும். இதைக் கணக்கிட்டுச் சில நூறு கிராம் வாங்கிக்கொண்டு போனால் பட்டறையில் வேலை நடக்காது, ஏனெனில் தூள் ஊட்டி சீராக ஓடுவதற்கும் முன்னோட்டத் தெளிப்புக்குமே கணிசமான தூள் செலவாகும். எந்த அளவுக்குக் கீழே அவர்கள் ஓட்ட மாட்டார்கள் என்று கேட்டுவிட்டு அதன் பிறகு கொள்முதல் ஆணை எழுதுங்கள்.

3. மாதிரித் தகடுகளைத் தெளிப்புக்கு முன்பே வெட்டி முடியுங்கள்

பூசிய பெரிய தகட்டை வாங்கிவந்து பிறகு துண்டு போடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். மின்பொறி விடும் கம்பியால் அறுக்கும் ஒயர்கட் முறையில் வெட்டினால் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் வெட்டு முகத்தில் படியும். அந்த விளிம்பு சூடும் படும். அப்படிப்பட்ட துண்டில் அரிப்புச் சோதனை செய்வது வீண். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ காட்பாடியிலோ உள்ள லேத் பட்டறையில் முன்கூட்டியே வெட்டி, விளிம்பை மழுக்கி, பின்புறத்தில் எண் பொறித்து வைத்துவிடுங்கள். பேனாவால் எழுதினால், பூச்சு பிடிக்கத் தகட்டைக் கரடாக்கும் மணல் வீச்சில் போய்விடும்.

மின்வேதியியல் சோதனைக்கு 20 மி.மீ. சதுரத் துண்டுகளும், உப்புப் புகைச் சோதனைக்கு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகைகளும், ஒட்டு வலுவைச் சோதிக்க ஏ.எஸ்.டி.எம். சி633 என்ற சோதனைத் தரநிலை கேட்கும் 25.4 மி.மீ. விட்ட உருளைகளும் வேண்டும். உருளைகளில் ஐந்து சோடி வையுங்கள். நுண்நோக்கிக்கு மூன்று துண்டுகள் தனியே இருக்கட்டும். ஒப்பீட்டுக்காகப் பூசாத மென் எஃகும், 316எல் துருப்பிடிக்காத எஃகும் அதே அளவில் வெட்டி வையுங்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாத அரிப்பு எண்ணுக்கு மதிப்பில்லை.

இவற்றோடு, மணல் வீசாத வழவழப்பான எஃகுத் தகடு ஒன்றையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் படியும் பூச்சு தகட்டை வளைத்தாலே செதிலாகப் பெயர்ந்துவிடும். அடித்தள எஃகு கலக்காத அந்தச் செதில்தான், சூடேற்றி வெப்ப வெளியீட்டை அளக்கும் டி.எஸ்.சி. சோதனைக்கும், பூச்சு தனியாக எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கும் வேண்டிய மாதிரி.

4. தெளிப்புப் பட்டறையிடம் எதைக் கேட்பது

வேலூரிலிருந்து சென்னையும் பெங்களூரும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பது நமக்கொரு வசதி. தகடுகளை அனுப்பிவைக்காமல், முடிந்தால் தெளிக்கும் நாளில் நேரில் நில்லுங்கள்.

அளவுருக்களில் எல்லாமே ஒரு பேரம். மின்திறனைக் குறைத்தால் துகள் முழுதாக உருகாமல் உருண்டையாகவே சிக்கிக்கொண்டு, சுற்றிலும் நுண்துளை விடும். மின்திறனையும் பிளாஸ்மா வாயுவில் சேரும் ஹைட்ரஜனையும் ஏற்றினால் துகள் நன்றாக உருகிப் பரவும், துளை குறையும். ஆனால் காற்றில் பறக்கும் துளியின் மேற்பரப்பு அதிகம் ஆக்சைடாகும், தகடும் சூடேறும். ஆக்சைடாகும்போது குரோமியம் முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு சேர்வதால், ஆக்சைடுக் கீற்றை ஒட்டிய உலோகத்தில் குரோமியம் வறண்டு, அரிப்பு அந்த வரியோடு உள்ளே இறங்கும். அதிகத் திறன் நல்லது, குறைந்த திறன் கெட்டது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் ஏற்காதீர்கள். குறைந்தது மூன்று திறன் நிலைகளில் சிறு தகடுகளைத் தெளித்து, வெட்டுமுகத்தைப் பார்த்த பிறகே மீதித் தகடுகளை ஓட்டச் சொல்லுங்கள். இதனால் தெளிப்பு இரண்டு தவணையாகும், அமைப்புக் கட்டணமும் இருமுறை வரும். அதை முதலிலேயே வரவு செலவில் எழுதிவிடுங்கள்.

படிகமாதலைத் தீர்மானிப்பது குளிரும் வேகம். தனித் துளி தகட்டைத் தொட்டதும் வினாடிக்குப் பத்து லட்சம் பாகை என்ற அளவில் குளிர்கிறது. இக்கலவைகள் கண்ணாடியாக உறைய அதைவிட மிகக் குறைந்த வேகமே போதும். ஆனால் ஒரே இடத்தில் துப்பாக்கி நின்றாலோ, அடுத்த சுற்று உடனே வந்தாலோ, அடியிலுள்ள அடுக்கு மறுபடி சூடாகிப் படிகமாகலாம். இக்கலவைகள் 600 பாகை செல்சியசைச் சுற்றிப் படிகமாகத் தொடங்குகின்றன. அழுத்தக் காற்றால் தகட்டைக் குளிர்வித்து, சுற்றுகளுக்கிடையே நிறுத்தி, தகட்டின் வெப்பம் 150 முதல் 200 பாகையைத் தாண்டாமல் வைத்திருக்கக் கோருங்கள்.

மணல் வீச்சுக்கும் தெளிப்புக்கும் இடையே நேரம் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வீசிய எஃகு கண்ணெதிரே பழுப்பேறும். அந்த மாதங்களில் ஒரு மணி நேரத்துக்குள் தெளிக்கச் சொல்லுங்கள், அல்லது தேதியையே தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். தூளையும் முன்கூட்டியே அடுப்பில் 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து உலர்த்த வேண்டும்.

மின்னோட்டம், மின்னழுத்தம், ஆர்கான் மற்றும் ஹைட்ரஜன் ஓட்டம், தூள் ஊட்டும் வேகம், தெளிப்புத் தொலைவு, சுற்று எண்ணிக்கை, தகட்டின் வெப்பம், தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே இடைப்பூச்சு போட்டதா இல்லையா ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சில பட்டறைகள் இவற்றைத் தொழில் ரகசியம் என்று சொல்லித் தர மறுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பம்புத் தண்டைப் பூசிக்கொள்ளலாம். ஆய்வுக்கு அது உதவாது.

5. ஆவணங்கள்

மாணவர்கள் துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதமும், திரும்பப் பெறவேண்டிய பொருள் என்று குறித்த வெளிச்செல்லும் அனுமதிச் சீட்டும் எடுத்துச் சென்றால் போதும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள ஆலைகளுக்கு வேலை கூடுதல். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வேலை செய்து திருப்பித் தருவதற்காக, அனுப்பும் பொருளுக்கு விற்பனை ரசீது எழுதாமல் டெலிவரி சலான் மூன்று படிகளில் எழுத வேண்டும். உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள்ளும், மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்பிவர வேண்டும். இந்த அனுப்புதல்களை ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்ட வேண்டும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம், சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால்தான் அது தேவை என்ற பழக்கத்திலேயே பெங்களூருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஜாப் ஒர்க்குக்காக மாநில எல்லையைத் தாண்டினால், பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும்.

6. வெட்டுமுகம்: நுண்துளையா, பெயர்ந்த குழியா

பூச்சு கடினமானது, நொறுங்கும் இயல்புடையது. மெதுவாகச் சுழலும் வைரத் தகட்டால், பூச்சின் பக்கமிருந்து அடித்தளத்தை நோக்கி வெட்ட வேண்டும். மறுபக்கமிருந்து வெட்டினால் பூச்சு இழுபட்டுப் பிளந்துவிடும். சூடாக்கி அழுத்தும் பொதிவு வேண்டாம். வெற்றிடத்தில் எப்பாக்சியை ஊடுருவச் செய்து குளிர்முறையில் பொதியுங்கள், துளைகளுக்குள் எப்பாக்சி புகுந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பொறுமையாக 1 மைக்ரான் வைரப் பசை வரை மெருகேற்றுங்கள்.

அவசரமாகத் தேய்த்தால் பூச்சின் சில்லுகள் பெயர்ந்து குழிகள் விழும். படத்தில் அவை நுண்துளையாகவே தெரியும். அடுத்த கட்ட மெருகேற்றலில் துளைச் சதவீதம் குறைந்துகொண்டே போனால், நீங்கள் இதுவரை அளந்தது உங்கள் தேய்ப்பைத்தான் என்று பொருள். எண் நிலைபெறும் வரை மெருகேற்றுங்கள். எஸ்.இ.எம். என்ற மின்னணு நுண்நோக்கியில் பின்சிதறல் முறையில் படம் கேளுங்கள்: ஆக்சைடு கரும் சாம்பல் கீற்றாகவும், துளை கறுப்பாகவும், உருகாத துகள் வட்டமாகவும் பிரிந்து தெரியும். ஒரு அழகான படத்தை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது பத்து இடங்களில் ஒரே உருப்பெருக்கத்தில் எடுத்துச் சராசரி காணுங்கள்.

காற்றில் தெளித்த பிளாஸ்மா பூச்சில் சில சதவீத நுண்துளை இயல்பே. எரிவாயுவை எரித்து அதிவேகத்தில் தெளிக்கும் எச்.வி.ஓ.எஃப். முறையில் அது பெரும்பாலும் இதைவிடக் குறையும். துளை மொத்தம் எவ்வளவு என்பதைவிட, மேலிருந்து அடித்தளம் வரை ஒன்றோடொன்று தொடர்ந்து போகிறதா என்பதையே கூர்ந்து பாருங்கள்.

7. படிக உருவற்றதுதானா: எக்ஸ்.ஆர்.டி., டி.எஸ்.சி.

எக்ஸ்.ஆர்.டி. வரைபடத்தைச் செம்பு ஊடுகதிர்க் குழாயில் எடுத்தால் 44 பாகைக் கோணத்தை ஒட்டி அகன்ற மேடு ஒன்று தெரியும். அதன்மேல் கூர்முகடு இல்லையென்றால் படிக உருவற்றது என்று எழுதிவிடுவது வழக்கம். மூன்று பொறிகள் இதில் உண்டு. செம்புக் கதிர் இரும்பை ஒளிரச் செய்வதால் பின்னணி உயர்ந்து சிறு முகடுகள் அதில் மூழ்கிவிடும்; ஆகவே வேண்டிய அலைநீளத்தை மட்டும் விடும் மோனோகுரோமேட்டர் உள்ள கருவியையோ கோபால்ட் குழாயையோ கேளுங்கள். இரண்டாவதாக, கதிர் மேலே சில மைக்ரான் ஆழத்தையே பார்க்கும். மேற்பரப்பு நன்றாகக் குளிர்ந்து, அடியடுக்கு படிகமாகியிருக்கலாம் என்பதால் பூச்சை அரைத்து இறக்கி நடுக்கனத்திலும் ஒருமுறை எடுங்கள். மூன்றாவது, எஃகின் முதன்மை முகடு 44.7 பாகையில், அதாவது அந்த மேட்டின் தலையிலேயே விழுகிறது. கதிர் துண்டின் விளிம்பைத் தாண்டி அடித்தள எஃகில் பட்டால் பூச்சில் படிகம் இருப்பதாகத் தோன்றும். பெயர்த்த செதிலில் எடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

சதவீதம் வேண்டுமென்றால் டி.எஸ்.சி. சோதனையில் செதில் படிகமாகும்போது வெளிவிடும் வெப்பத்தை, அதே கலவையின் முழுப் படிக உருவற்ற நாடா வெளிவிடுவதோடு ஒப்பிட வேண்டும். நாடா கிடைக்காவிட்டால் தூளில் சலித்தெடுத்த மிகச் சிறு துகள்களை வைத்து ஒப்பிடலாம். அப்படிச் செய்ததை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

8. அரிப்புச் சோதனை

மின்வேதியியல் சோதனைக்குத் துண்டின் விளிம்பையும் பின்புறத்தையும் எப்பாக்சியால் மூடி, 1 சதுர செ.மீ. மட்டும் திறந்து வையுங்கள். மூடிய இடத்தின் ஓரத்தில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் அரிப்பு அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் உருப்பெருக்கியில் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பழுப்பு தெரிந்தால் அந்த முடிவைத் தள்ளிவிடுங்கள். ஒரு தொகுதியைத் தெளித்த நிலையிலும், இன்னொன்றை 1000 அல்லது 1200 எண் தேய்ப்புத் தாளில் தேய்த்தும் சோதியுங்கள், ஏனெனில் கரடான மேற்பரப்பின் உண்மைப் பரப்பு அதிகம். மின்னோட்ட அடர்த்தி அதனாலேயே கூடித் தெரியும்.

கரைசலில் இறக்கியதும் திறந்த சுற்று மின்னழுத்தத்தை (வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தாதபோது துண்டு காட்டுவதை) குறைந்தது ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். இந்த மலிவான சோதனையைப் பலரும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அடுத்து வரும் விலையுயர்ந்தவற்றைவிட இதுவே அதிகம் சொல்கிறது. உப்புநீரில் மென் எஃகின் மின்னழுத்தம், கலோமெல் என்ற ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக, சுழியத்துக்குக் கீழே 0.65 முதல் 0.70 வோல்ட் வரை இருக்கும். தொடக்கத்தில் அதைவிட மேலே நின்ற பூச்சு, ஓரிரு நாளில் இந்த எண்ணை நோக்கி வழுக்கிப்போனால், துளை வழியாக நீர் எஃகைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். பூச்சு பெரிய எதிர்மின்முனையாகவும், துளையடியில் தெரியும் எஃகு மிகச் சிறிய நேர்மின்முனையாகவும் செயல்பட்டு, எஃகு அந்தப் புள்ளியில் விரைந்து கரையும். பூச்சு நன்றாக இருக்கும், அதன் கீழே தண்டு குடைந்துபோயிருக்கும்.

மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோடைனமிக் வரைபடத்தில் வினாடிக்கு 0.167 மில்லிவோல்ட் வேகம் வழக்கத்தில் உள்ளது. விரைவாக ஓட்டினால் முடிவுகள் மற்றவர்களுடையதோடு ஒப்பிட முடியாதவையாகும். 0.9 முதல் 1 வோல்டுக்கு அருகே மின்னோட்டம் திடீரென்று ஏறுவதைப் பார்த்துக் குழியரிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அங்கே குரோமியமும் மாலிப்டினமும் கொண்ட காப்புப் படலமே கரையத் தொடங்குகிறது, ஆக்சிஜனும் வெளிவரத் தொடங்கலாம். மின்னழுத்தத்தைத் திருப்பி இறக்கிப் பார்த்து, திரும்பும் கோடு ஏறிய கோட்டுக்கு வெளியே அதிக மின்னோட்டத்தில் வந்தால்தான் குழியரிப்பைப் பற்றிப் பேசலாம். எந்த மின்முனைக்கு எதிராக அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். நிறைவுற்ற கலோமெலுக்கும் வெள்ளி மின்முனைக்கும் இடையே ஏறத்தாழ 44 மில்லிவோல்ட் வேறுபாடு உண்டு.

இதே தொடரை அடைப்பான் பூசிய துண்டுகளிலும் செய்யுங்கள். எப்பாக்சி அல்லது அலுமினியம் பாஸ்பேட் அடைப்பான் துளைகளை மூடும்; அடைக்காத பிளாஸ்மா பூச்சைக் கழிவுநீரில் இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. செலவும் காலமும்

ஏ.எஸ்.டி.எம். பி117 உப்புப் புகைச் சோதனைக்குக் கட்டணம் மணிக் கணக்கில் வரும். 5 சதவீத உப்பு, 35 பாகை செல்சியஸ், 1000 மணி நேரம் என்றால் ஆறு வாரம். 240 மணி என்றால் பத்து நாள். பூசாத எஃகும் அதே பெட்டியில் உட்கார வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. சோதனைக் கட்டணங்கள்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும், மேற்கோள் தாளில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆய்வு நிலையங்களில் கல்வி நிறுவனத்துக்கு ஒரு கட்டணமும், ஆலைக்குப் பன்மடங்கு கட்டணமும் இருப்பது வழக்கம் என்பதால், ஆலைக்காரர்கள் உள்ளூர்க் கல்லூரியோடு சேர்ந்து செய்வது இரு பக்கத்துக்கும் லாபம்.

அரிப்புக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், தெளிப்புப் பூச்சுக்கு ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனமும், நுண்நோக்கிக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையமும் அணுகத் தக்கவை. எந்தக் கருவி எங்கே உள்ளது என்று ஐ-ஸ்டெம் இணையவாயிலில் தேடலாம். வரிசை நீளம் என்பதால் தூளுக்கு ஆணை கொடுத்த வாரமே இடம் கேட்டு எழுதிவிடுங்கள். தூள் வரவு முதல் உப்புப் புகை அறிக்கை வரை ஆறு மாதத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். கடைசிப் பருவத்தில் இத்தலைப்பைத் தொடங்கும் முதுநிலை மாணவர்களுக்கு அந்தப் பருவம் போதாது.

10. தகட்டிலிருந்து தண்டுக்கு

சோதனை தேறியபின் உண்மையான ஸ்லீவைப் பூசும்போது, பூச வேண்டிய பகுதியை இறுதிக் கனத்தின் அளவுக்கு லேத்தில் குறைத்துக் கொள்ளுங்கள்; அரைப்பதற்காகத் தெளிப்பில் கூடுதல் கனம் விடச் சொல்லுங்கள். கூர்முனைகளையெல்லாம் உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்து செதில் பெயரும். பூச்சின் முடிவு நனையும் பகுதிக்குள் வரக் கூடாது. வந்தால் அதை ஒட்டிய வெற்று எஃகு வேகமாக அரிக்கும். அரைப்பதற்கு வைரச் சக்கரமும் தாராளமான குளிர்நீரும் வேண்டும், அடைப்பானைப் பூசிய பிறகே அரைக்க வேண்டும், அரைத்து முடித்தபின் திறந்த துளைகளுக்கு மறுபடியும் ஒரு முறை பூச வேண்டும். தண்டில் வெல்டிங் வேலை ஏதும் பாக்கியிருந்தால் மணல் வீச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பூசிய பிறகு அருகில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட பகுதி படிகமாகிவிடும், அதை மீட்க வழி கிடையாது, உரித்துவிட்டு மறுபடி தெளிக்கத்தான் வேண்டும்.